வலப்பக்க மட்கார்டு

கண்ணாடியில் மஞ்சள் மெழுகால் எழுதிய ஏல எண்
தின்னர் நனைத்த துணிக்கு இரண்டே இழுப்பில் போயிற்று.
ஒஹையோவிலிருந்து போத்தித் துறைமுகம்வரை
இந்தக் காருக்கு அதுதான் பெயர்.

ருஸ்தாவியில் மே மாதக் கடைசி.
உருக்காலைப் பக்கமிருந்து காற்றடித்தால்
பாப்லர் பஞ்சு ஷெட்டுக்குள் கேட்காமல் வரும்.
வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன்.
தரைக்குத் தண்ணீர் தெளித்தேன்.

நெளிந்ததை மல்ஹாஸ் இழுத்து நிமிர்த்திவிட்டான்.
சுத்தியல் அவனுடையது.
அதற்குப் பிறகு பட்டி, உப்புத்தாள், பொறுமை
எல்லாம் லம்ஸீராவுடையது என்பான் ஒதார்.
பொறுமை இல்லை ஒதார், தோள்வலி.

பம்பர் கொக்கியின் இடுக்கில் முடி இருந்தது.
பழுப்பு, நுனி மட்டும் வெளுப்பு.
மடக்கினால் வைக்கோல்போல் முறிந்தது.
மான், என்றேன்.
தூண், என்றான் ஒதார்.
பார்க்கிங்கில் ஒரு தூண், மெதுவாக.
வெள்ளிக்கிழமை கரகண்டாவிலிருந்து ஆள் வருகிறான்,
அவனுக்குத் தூண்.
தூணுக்கு முடி முளைக்குமா, மல்ஹாஸ் சிரித்தான்.
உள்ளங்கையை ஊதினேன்.
பஞ்சோடு பஞ்சாக எங்கோ போயிற்று மான்.

எண்பதாம் எண் தாள்.
வெள்ளிநிறம் தூளாகிக் கீழே ஒரு வெளுப்பு,
அதற்கும் கீழே
இருக்கக் கூடாத நீலம்.

அப்படியென்றால் இந்த மட்கார்டு இந்தக் காருடையதே இல்லை.
எந்த நீலக் காரிலிருந்தோ கழற்றி
ஒருவன் இங்கே மாட்டியிருக்கிறான்.
நீலத்தில் அவனுடைய கீறல்கள், வெள்ளைக் கோடுகளாக,
கீழ் வலமிருந்து மேல் இடமாக, எல்லாம் ஒரே சாய்வில்.
இடதுகைக்காரன்.
எண்பதோடு நிறுத்திவிட்டான்.
நூற்றெண்பது இல்லை, முந்நூற்றிருபது இல்லை,
கீறலின் மேலேயே பிரைமரை அடித்து மூடியிருக்கிறான்.

யாரப்பா நீ?
உனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்ததா?
உன் முதுகுக்குப் பின்னாலும் ஒருவன் நின்று
தூண், தூண் என்றானா?
அரைமணி நேரம் அவனைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.
திட்டு தீர்ந்துபோயிற்று.
தேய்க்க இன்னும் இருந்தது.

பட்டி குழைத்தேன்.
சிவப்புப் பசை பட்டாணியளவு.
கூடினால் தகட்டிலேயே கல்லாகும்,
குறைந்தால் நாளைக்கும் ஒட்டும்.
காய்ந்ததும் மேலே கறுப்பைப் புகைபோலத் தூவினேன்.
கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால்
மேடு முதலில் வெளுக்கும்.
பள்ளம் தன் கறுப்பை விடாது.
ஒவ்வொன்றாய் விட்டது.
விளக்குக்கு மேலே ஒரு புள்ளி,
சூரியகாந்தி விதையளவு,
அது மட்டும் மூன்று தடவை கேட்டது.

கடைசியில் கண்ணை மூடி
கைக்குட்டையைப் போட்டு அதன்மேல் கையை ஓட்டினேன்.
வெறுங்கைக்கு ஏமாறத் தெரியும்.
துணி நடுவில் இருந்தால் தோல் கூர்மையாகிவிடுகிறது.
ஏனென்று தெரியாது.
யாரிடமும் சொன்னதும் இல்லை.

பழைய பத்திரிகையில் தேர்தல் முகங்கள்.
நாலாக மடித்து ஹெட்லைட்டை மூடி ஒட்டினேன்.
சாம்பல் பிரைமர் ஒரு கை, பிறகு இன்னொரு கை.
ஈரத்தில் ஏதோ வந்து ஒட்டியது.
பஞ்சா முடியா,
ஊசி நுனியில் எடுத்தபோது தெரியவில்லை.
நானூறாம் எண், தண்ணீர் விட்டு,
அந்தத் தடமும் போயிற்று.

பெயிண்ட் அடித்தது மல்ஹாஸ்.
அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை எர்போல் வந்தான்,
பெரிய உடம்பு, பேச்சு குறைவு.
இடப்பக்க மட்கார்டைத் தடவி
இங்கே ஏதாவது, என்றான்.
இல்லை, என்றேன்.
அது உண்மை.
ஒதார் சாவியை ஆட்டிக்கொண்டே
மைலேஜ் பற்றிப் பேசினான்.

எர்போல் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனான்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.
கண்ணை மூடிக்கொண்டு
சட்டைப்பையிலிருந்து
ஒரு கைக்குட்டையை எடுத்தான்.